இரசனையும் இறுமாப்பும்

எம்மவர் இருவர் புதிதாக அறிமுகமாகும்போது ஊர், தொழில், பிள்ளைகளின் படிப்பு ஆகியவை பற்றிய வினாக்களே முதலில் எழும். அவை முடிந்தபின் பேச்சு எவ்வாறோ திரைப்படத்தை வந்தடையும். "அண்மையில் என்ன படம் பார்த்தீர்கள்?" என்ற வினா மிக எளியது போலத் தோன்றும். ஆயினும் அதற்கு விடையளிக்குமுன் பலர் ஒரு கணம் தயங்குவதை நான் கண்டிருக்கிறேன். எதிரே இருப்பவர் எத்தகையவர், எந்தப் படத்தின் பெயரைச் சொன்னால் மதிப்பார், எதைச் சொன்னால் முகம் சுளிப்பார் என்ற கணக்கெல்லாம் அந்த ஒரு கணத்தினுள் நடந்துவிடுகிறது. நேற்றிரவு குடும்பத்தோடு வயிறு குலுங்கச் சிரித்துப் பார்த்த படத்தை மறைத்து, என்றோ பாதியில் உறங்கிப்போன விருதுப் படமொன்றின் பெயரைச் சொல்வோரும் உளர்.

வயதை மறைப்பார்கள், வருமானத்தை மறைப்பார்கள். அவற்றுக்குக் காரணம் உண்டு. தாம் அடைந்த மகிழ்ச்சியை மனிதர் ஏன் மறைக்க வேண்டும்? இரசனை இறுமாப்பு என்ற ஒன்று எம்மிடையே உலவுவதாலேயே இந்நிலை ஏற்படுகிறது. எந்தப் படம் சிறந்தது, எது தரம் குன்றியது என ஆராய்வதை இறுமாப்பு எனக் கொள்ளலாகாது, அது திறனாய்வு. படத்தை அளப்பதை விட்டு, அதனைப் பார்த்து மகிழ்ந்தவரை அளக்கத் தொடங்கும் இடத்திலேதான் இறுமாப்புப் பிறக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள எல்லைக்கோட்டைத் தெளிவாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ்ப் பாடசாலையின் ஆண்டுமலருக்கு இப்பொருள் எதற்கு எனச் சிலர் வினவலாம். வார இறுதியில் என்னிடம் தமிழ் கற்கும் பிள்ளைகளுக்கு இஃது அன்றாடச் சிக்கலாக இருக்கின்றது. கிழமை நாட்களில் அவர்கள் செல்லும் ஆங்கிலப் பாடசாலையில், "உங்கள் படங்களில் எல்லோரும் திடீரென்று மலையுச்சியில் நின்று ஆடுவார்களே!" என்று தோழர்கள் கேலி செய்கிறார்கள். வீட்டுக்கு வந்தால், "உந்தக் குப்பையைப் பார்க்காதே, உருப்படியான படமாகப் பார்" என்று பெற்றோர் சிலர் கடிந்துகொள்கிறார்கள். தமிழ்ப் படம் பார்ப்பதே வெட்கம் என்பது அங்கே. தகுதியற்ற தமிழ்ப் படத்தைப் பார்ப்பது வெட்கம் என்பது இங்கே. மத்தளத்துக்கு இரு புறமும் இடி என்பது போலப் பிள்ளைகள் அகப்பட்டுக்கொள்கிறார்கள். ஈற்றில் அவர்கள் தமிழ்ப் படம் பார்ப்பதையே விட்டுவிடுகிறார்கள். அல்லது அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியே பார்க்கிறார்கள். இரண்டுமே எமக்கு இழப்புத்தான்.

இந்த இறுமாப்பு புலம்பெயர்ந்த மண்ணில் புதிதாய் முளைத்ததன்று. நான் சிறுமியாக இருந்த காலத்தில் யாழ்ப்பாண நகரில் வின்சர், றீகல், வெலிங்டன், மனோகரா, ராஜா, ராணி எனப் பல படமாளிகைகள் இருந்தன. றீகலில் பெரும்பாலும் ஆங்கிலப் படங்கள் ஓடும். அங்கே சென்று வருவோர்க்கு ஊரில் ஒரு தனி மதிப்பு. படம் விளங்கியதா என்று எவரும் கேட்பதில்லை. போய் வந்ததே போதுமானது. ஏனைய படமாளிகைகளின் உள்ளேயும் படிநிலைகள் இருந்தன. திரைக்கு மிக அருகே வாங்குகள் போட்ட கலரி, அதற்குப் பின் இரண்டாம் வகுப்பு, முதலாம் வகுப்பு, மேலே பல்கனி. சீட்டின் விலைக்கேற்ப மக்கள் பிரிந்து அமர்ந்தார்கள்.

விளக்குகள் அணைந்ததும் அந்தப் பிரிவினை சற்று நேரம் மறைந்துபோகும். நாகேஷ் திரையில் தோன்றினால் கலரியிலிருந்து சீழ்க்கை ஒலி எழும். அடுத்த கணம் பல்கனியிலும் சிரிப்பொலி கேட்கும். ஒரே ஒளிக்கற்றை எல்லோருடைய தலைக்கும் மேலாகச் சென்று ஒரே திரையில் விழுந்தது. ஆனால் படம் முடிந்து வெளியே வரும்போது பல்கனிக்காரர் முகத்தை மீண்டும் இறுக்கிக்கொள்வார்கள். "கலரிக்கு எடுத்த படம்" என்பது அவர்கள் வழக்கமாக வழங்கும் தீர்ப்பு. தாமும் சேர்ந்து சிரித்தமை அத்தீர்ப்பில் ஒருபோதும் இடம்பெறுவதில்லை.

அந்தக் கலரியும் பல்கனியும் எம்முடன் விமானமேறி இங்கும் வந்து சேர்ந்தன. 1990களின் தொடக்கத்தில் இலண்டனில் வாழ்ந்தவர்களுக்கு ஒளிநாடாக் காலம் நன்கு நினைவிருக்கும். தமிழ்ப் பலசரக்குக் கடைகளில் ஒரு புறம் முருங்கைக்காயும் கத்தரிக்காயும் இருக்க, மறு புறச் சுவர் முழுவதும் ஒளிநாடாக்கள் அடுக்கப்பட்டிருக்கும். பிரதியிலிருந்து எடுத்த பிரதியாகையால் நிறங்கள் மங்கியிருக்கும். திரையின் அடியில் கடை விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும். வெள்ளிக்கிழமை மாலை இரண்டு மூன்று நாடாக்களை வாடகைக்கு எடுத்து, திங்கட்கிழமை திருப்பிக் கொடுப்பது பல வீடுகளில் வழக்கமாக இருந்தது.

எங்கள் பெரியம்மாவும் அவ்வாறே செய்வார். விமானப் பயணிகளுக்கான உணவைப் பொதி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு வேலை. அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து, இரண்டு பேருந்துகள் மாறிச் சென்று, குளிரூட்டிய மண்டபத்தில் எட்டு மணி நேரம் நின்றபடி வேலை செய்துவிட்டு வருவார். ஆங்கிலம் அதிகம் தெரியாதமையால் மேற்பார்வையாளரின் ஏச்சுக்கு மறுமொழி சொல்ல அவரால் இயலாது. வெள்ளி இரவில் அவர் விரும்பிப் பார்த்த படங்களுள் ஒன்று 1965ஆம் ஆண்டில் வெளியான 'எங்க வீட்டுப் பிள்ளை'. எம்.ஜி.ஆர். இரட்டை வேடம் ஏற்ற படம் அது. அக்காள் கணவனின் சவுக்குக்கு அஞ்சி நடுங்கி வாழும் ஒருவன். அவனைப் போன்ற தோற்றமுடைய, எதற்கும் அஞ்சாத மற்றொருவன். இருவரும் இடம் மாறுகிறார்கள். ஒருநாள் அந்தச் சவுக்கு கை மாறுகிறது. அந்தக் காட்சி வரும்போது பெரியம்மா நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவார். கதை அவருக்கு மனப்பாடம். இருந்தும் ஒவ்வொரு முறையும் முகத்தில் அதே மலர்ச்சி. வாரம் முழுவதும் வாய்மூடி நின்ற ஒருவருக்கு அந்தச் சில நிமிடங்கள் எதைத் தந்தன என்பதை நான் அவரிடம் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

ஒரு மாலை எங்கள் வீட்டுக்கு விருந்தினர் ஒருவர் வந்தார். நன்கு கற்றவர், மேடைகளில் பேசுபவர். ஓடிக்கொண்டிருந்த படத்தைச் சற்று நேரம் நின்று பார்த்தார். பிறகு பெரியம்மாவைப் பார்க்காமல் பிள்ளைகளாகிய எங்களைப் பார்த்து, "உதெல்லாம் ஒரு படமே? உதுகளைப் பார்த்துத்தான் எங்கட சனம் உருப்படாமல் போகுது" என்றார். அறையில் எவரும் பேசவில்லை. பெரியம்மா எழுந்து தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, அவருக்குத் தேநீர் தயாரிக்கச் சென்றார். அன்றிலிருந்து வாசல் மணி ஒலித்தால் அவருடைய கை முதலில் தொலைக்காட்சியை நிறுத்தும். அதன் பின்னரே கதவைத் திறப்பார். அவர் வாடகை செலுத்தும் வீட்டில், அவர் உழைத்து வாங்கிய தொலைக்காட்சியில், அவருக்குப் பிடித்த படம் மறைக்கப்பட வேண்டிய பொருளாயிற்று.

அந்த விருந்தினர் படத்தைப் பற்றிக் குறை கூறியிருந்தால் அதில் தவறேதும் இல்லை. கதை நம்பத்தகாதது, சண்டைகள் செயற்கையானவை என்று அவர் சொல்லியிருக்கலாம். பெரியம்மாவும் விடமாட்டார், ஏதேனும் பகிடியாகப் பதில் சொல்லியிருப்பார். நல்ல உரையாடல் ஒன்று நடந்திருக்கும். அவரோ படத்தை விட்டு மனிதரைத் தீர்த்தார். நாங்கள் எவற்றுக்குச் சிரிக்கிறோம் என்பதைக் கொண்டு நாங்கள் யார் என்பதை முடிவு செய்தார். உரையாடலுக்கு அங்கே இடமில்லாமற் போயிற்று.

சிரிப்பும் களிப்பும் தாழ்ந்த உணர்ச்சிகள் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று நான் பலமுறை சிந்தித்ததுண்டு. தமிழ் மரபிலிருந்து வந்திருக்க முடியாது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்றோர் இயல் உண்டு. உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதே மெய்ப்பாடு. அத்தகைய மெய்ப்பாடுகள் எட்டு என வகுத்த தொல்காப்பியர், அவ்வரிசையில் முதலாவதாக வைத்தது நகையை. இறுதியாக வைத்தது உவகையை. அழுகையும் அச்சமும் பெருமிதமும் வெகுளியும் இவற்றுக்கு இடையிலேயே நிற்கின்றன. உவகை தோன்றும் நிலைக்களன்கள் நான்கினுள் விளையாட்டையும் அவர் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார். சிரிப்பையும் விளையாட்டையும் இலக்கண நூலிலேயே அமர்த்திய மொழி எமது மொழி. அதனைப் பேசுவோர் சிரித்ததற்காக வெட்கப்படுவது பொருந்துமா?

எமது கூத்து மரபும் இதற்குச் சான்று பகரும். இரவிரவாக நடைபெறும் கூத்தில் அரசரும் வீரரும் மட்டும் இருப்பதில்லை. கட்டியகாரன் வருவான், இசை நாடகமாயின் பபூன் வருவான். துயரக் கதையின் நடுவே அவர்கள் அவையைச் சிரிக்க வைப்பார்கள். எம் முன்னோர் அழுகையையும் சிரிப்பையும் ஒரே பாயில் அமர்ந்து சுவைத்தார்கள். கற்றோர் பலர் ஒரு காலத்தில் கூத்தைப் பாமரரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கினார்கள். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பின் கூத்து மரபைத் தழுவி 'இராவணேசன்' போன்றவற்றைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். அதன்பின் நகரத்து அவைகளும் எழுந்து நின்று கைதட்டின. கூத்து உயர்ந்தது என்று அறிஞர் சொன்னபின் எம்மவர் அதை மதித்தார்கள். ஆனால் வயல்வெளியில் விடியும்வரை விழித்திருந்து அதனைக் காப்பாற்றி வைத்திருந்தோர், எவருடைய சான்றிதழையும் எதிர்பார்க்காமல், பிடித்ததால் பார்த்த மக்களே.

மகிழ்விப்பதற்காகவே எடுக்கப்படும் படங்களில் உழைப்பில்லை, கலையில்லை என்பது இன்னொரு தவறான கருத்து. இயக்குநர் ஸ்ரீதரை எடுத்துக்கொள்வோம். 'கல்யாணப் பரிசு' (1959), 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) ஆகிய படங்களால் தமிழகத்தையும் ஈழத்தையும் கண்ணீர் வடிக்க வைத்தவர் அவர். அவரே 1964இல் 'காதலிக்க நேரமில்லை' என்ற முழுநீள நகைச்சுவைப் படத்தைத் தந்தார். அதில் படம் எடுக்கும் ஆசை பிடித்த மகன் செல்லப்பாவாக நாகேஷும், செல்வந்தத் தந்தையாக ரி.எஸ். பாலையாவும் நடித்தார்கள். மகன் தந்தைக்குத் திகில் கதை ஒன்றைச் சொல்லும் காட்சியை அறியாத தமிழ்க் குடும்பம் அரிது. நாகேஷ் குரலாலும் கையாலும் பேயையும் இருளையும் உண்டாக்குகிறார். பாலையாவுக்கு அங்கே பேச்சு மிகக் குறைவு. கேட்பது மட்டுமே அவர் வேலை. ஆனால் எமது கண்கள் பெரும்பாலும் அவர் முகத்திலேயே நிற்கின்றன. முதலில் அலட்சியம், பின் ஆவல், பின் ஐயம், ஈற்றில் அச்சம் என அவர் முகம் படிப்படியாக மாறுவதுதான் எம்மைச் சிரிக்க வைக்கிறது. ஒருவர் கொடுக்க, மற்றவர் வாங்க, ஒரு நொடி பிந்தினாலும் சிரிப்புத் தவறிவிடும். அறுபது ஆண்டுகள் கடந்த பின்னரும், நாகேஷ் யார் என்றே அறியாத எங்கள் வகுப்புப் பிள்ளைகள் அக்காட்சிக்குச் சிரிக்கிறார்கள். இவ்வளவு நீண்ட ஆயுள் எளிதில் வாய்ப்பதன்று.

ஸ்ரீதர் கண்ணீரிலிருந்து சிரிப்புக்கு வந்தவர். இதற்கு மறுதலையான பாதையில் செல்ல விரும்பும் ஓர் இயக்குநரின் கதையை அமெரிக்கரான பிரெஸ்ரன் ஸ்ரேர்ஜஸ் 1941இல் படமாக்கினார். 'சலிவனின் பயணங்கள்' என்பது அதன் பெயர். நகைச்சுவைப் படங்களால் புகழ்பெற்ற சலிவன், இனி ஏழைகளின் துயரைச் சொல்லும் பாரிய படம் ஒன்றை எடுப்பேன் என்று புறப்படுகிறான். ஏழ்மையை அறிவதற்காகப் பிச்சைக்காரன் வேடம் புனைகிறான். பல இடர்களில் அகப்பட்டு, எவருக்கும் தான் யாரென்று தெரியாத நிலையில், சங்கிலி பூட்டிய கைதிகளுள் ஒருவனாகிறான். ஒருநாள் இரவு கறுப்பின மக்களின் சிறிய தேவாலயம் ஒன்றுக்குக் கைதிகளைப் படம் பார்க்க அழைத்துச் செல்கிறார்கள். கைதிகள் உள்ளே வருமுன் அங்குள்ள போதகர், வருகின்ற விருந்தினரைச் சொல்லாலோ பார்வையாலோ தாழ்வாக உணரச் செய்யாதீர்கள் என்று தம் மக்களைக் கேட்டுக்கொள்கிறார். பின்னர் திரையில் ஓடுவது டிஸ்னி நிறுவனத்தின் நாய்க்குட்டிக் கேலிச்சித்திரம். காலில் சங்கிலியோடு அமர்ந்திருந்தவர்கள் அனைவரும் கண்ணீர் வரச் சிரிக்கிறார்கள், சலிவனும் சிரிக்கிறான். வாழ்வில் வேறொன்றும் இல்லாதவர்களுக்குச் சிரிப்பு எத்தகைய செல்வம் என்பதை அவன் அங்கே அறிந்துகொள்கிறான். விருந்தினரைப் பார்வையாலும் தாழ்த்தாதீர்கள் என்ற அந்தப் போதகரின் வேண்டுகோள், படம் பார்க்கும் ஒவ்வொரு வீட்டின் கூடத்துக்கும் பொருந்தும்.

தர வரிசைகளும் நிலையானவை அல்ல. கிழக்கு இலண்டனில் வாழும் எமது பிள்ளைகள் பலர் லெய்ரன்ஸ்ரோன் சுரங்க இரயில் நிலையத்தைக் கடந்து செல்பவர்கள். அங்கே சுவர்களில் வண்ணக் கற்களால் பதித்த சித்திரங்கள் உள்ளன. 1899இல் அவ்வூரில் பிறந்த அல்பிரட் ஹிட்ச்கொக்கின் வாழ்விலும் படங்களிலும் இருந்து எடுத்த காட்சிகள் அவை. அவரைத் திகிலூட்டிப் பணம் சேர்ப்பவர் என்றே நெடுங்காலம் பலர் கருதினார்கள். சிறந்த இயக்குநருக்கான ஒஸ்கார் விருது அவருக்கு ஒரு முறையேனும் கிடைக்கவில்லை. பிரெஞ்சு நாட்டின் இளம் விமரிசகர்கள் அவரைக் கலைஞர் என்று வாதாடினார்கள்; அவர்களுள் ஒருவரான துரூபோ அவருடன் நிகழ்த்திய நீண்ட நேர்காணல் 1966இல் நூலாக வெளிவந்தது. 1958இல் வெளியானபோது கலவையான வரவேற்பையே பெற்ற 'வேர்ட்டிகோ', 2012இல் பிரித்தானியத் திரைப்பட இதழான 'சைற் அன்ட் சவுண்ட்' நடத்திய விமரிசகர் வாக்கெடுப்பில் உலகின் முதலாவது படமாகத் தெரிவாயிற்று. 2022இல் அந்த இடமும் வேறொரு படத்துக்குச் சென்றது. அறிஞரின் ஏணியிலும் படிகள் இவ்வாறு இடம் மாறுகின்றன. அந்த ஏணியில் ஏறி நின்று அயலவரைக் குனிந்து பார்ப்பது எவ்வளவு பேதைமை!

ஒரே கலைஞரைக் கூட ஒரு படியில் நிறுத்த முடியாது. ரஜினிகாந்த் நடித்த 'முத்து' (1995) பாட்டும் சண்டையும் சிரிப்பும் கலந்த படம். 1998இல் அது யப்பானின் தோக்கியோ நகரில் மாதக்கணக்காக ஓடியது. தமிழில் ஒரு சொல்லும் அறியாத மக்கள் மனம் விட்டு மகிழ்ந்தார்கள். அதே ரஜினிகாந்த், 1978இல் மகேந்திரன் இயக்கிய 'முள்ளும் மலரும்' படத்தில், தங்கை மீது கொண்ட அன்பையும் தன்மானத்தையும் அடக்கி வைக்கத் தெரியாத அண்ணனாக எம் நெஞ்சை உலுக்கினார். ஒன்றை விரும்புவோர் மற்றதை வெறுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. காலையில் இடியப்பத்தைச் சுவைத்தவர் மாலையில் பாயசத்தைச் சுவைப்பதில்லையா?

இனி மறுபக்கத்தையும் கூறுவது நேர்மையாகும். இறுமாப்பு மேலிருந்து கீழ்நோக்கி மட்டும் பாய்வதில்லை. எங்கள் உயர் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' (1955) படத்தைப் பார்த்துவிட்டு, நாணற்பூ வெளியினூடாக அக்காவும் தம்பியும் இரயிலைப் பார்க்க ஓடும் காட்சியைப் பற்றி உறவினர் கூடிய பிறந்தநாள் விருந்தொன்றில் ஆவலோடு சொல்லத் தொடங்கினானாம். "படம் நகருமா, அல்லது இரயில் மட்டுந்தான் நகருமா?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அன்று முதல் மைத்துனர்கள் அவனுக்கு வைத்த பெயர் 'அவார்ட்'. "ரீச்சர், இப்ப நான் என்ன படம் பார்த்தாலும் ஒருத்தருக்கும் சொல்றதில்லை" என்று அவன் என்னிடம் கூறினான். பெரியம்மா தொலைக்காட்சியை நிறுத்தியதற்கும் இவன் வாயை மூடிக்கொண்டதற்கும் வேறுபாடு உண்டா? மெதுவாக நகரும் படத்தில் ஒருவன் காணும் இன்பமும் இன்பமே. அவன் நடிக்கிறான், பெரிய மனிதன்போல் காட்டிக்கொள்கிறான் என்று முடிவுகட்டுவதும் மனிதரை அளக்கும் அதே இறுமாப்புத்தான். 1977இல் யாழ்ப்பாணத்து மண்ணின் கதையைச் சொன்ன 'பொன்மணி'யையும், 1979இல் புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யைத் தழுவி வந்த 'உதிரிப்பூக்க'ளையும் விரும்பிப் பார்ப்போரும் எம்மிடையே கூச்சமின்றிப் பேச வேண்டும்.

அப்படியாயின் எந்தப் படத்தையும் குறை கூறக் கூடாதா என்று பெற்றோர் கேட்கலாம். தாராளமாகக் கூறலாம், கூறவும் வேண்டும். தொல்காப்பியர் நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கைக் காட்டுகிறார். எமது படங்கள் பலவற்றில் எள்ளல் மட்டும் அளவுக்கு மிஞ்சிவிட்டது. கறுப்பு நிறத்தையும் உடற்பருமனையும் திக்கிப் பேசுவதையும் வைத்துச் சிரிப்பு மூட்டுகிறார்கள். மறுத்துவிட்ட பெண்ணை விடாமல் பின்தொடர்வதைக் காதல் என்று காட்டுகிறார்கள். உறவினர் வீடொன்றில் அத்தகைய நிறக் கேலிக் காட்சி ஓடியபோது, எல்லோரும் சிரிக்க, ஒரு சிறுமி மட்டும் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்காகவேனும் நாம் பேச வேண்டும். ஆனால் "இதைப் பார்க்கிறவர்கள் மடையர்கள்" என்று சொன்னால் அவளுக்கு ஒரு நன்மையும் விளையாது. "இந்த இடத்தில் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை, உங்களுக்கு எப்படி?" என்று கேட்டால் பிள்ளைகள் சிந்திப்பார்கள். அதே படத்தின் மற்றொரு காட்சிக்கு அவர்களோடு சேர்ந்து சிரித்தவர் கேட்கும் வினாவுக்கே அவர்கள் செவிசாய்ப்பார்கள். ஒதுங்கி நின்று முகம் சுளித்தவரின் அறிவுரை காற்றில் போய்விடும்.

தமிழாசிரியர் என்ற வகையில் மற்றுமொரு காரணத்தையும் இங்கே முன்வைக்க விரும்புகிறேன். ஒரு மொழியில் எழுத்துக்கள் முதலில் வரும். சொற்கள் அடுத்து வரும். வாக்கியங்கள் மெல்ல வரும். பகிடி விளங்குவது எல்லாவற்றுக்கும் பின்னரே. 'கரகாட்டக்காரன்' (1989) படத்தில் கவுண்டமணியும் செந்திலும் நடித்த வாழைப்பழக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கச் சொன்னது இரண்டு பழம், வந்திருப்பது ஒன்று. மற்றொன்று எங்கே என்று ஒருவர் கேட்க, கையிலுள்ள பழமே அந்த மற்றொன்று என்று மற்றவர் சாதிக்கிறார். அது, இது என்ற சுட்டுப் பெயர்கள் இடம் மாறி ஆடும் ஆட்டமே அந்த நகைச்சுவை. எங்கள் வகுப்பில் சுட்டெழுத்துக்களை ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். பயிற்சித் தாள்களில் பிள்ளைகள் சரியாகவே நிரப்புகிறார்கள். ஆயினும் இலண்டனில் பிறந்த ஒரு பிள்ளை அந்தக் காட்சிக்கு மொழிபெயர்ப்பின்றித் தானாகச் சிரிக்கும் கணத்தில்தான், இம்மொழி அதற்குச் சொந்தமாகிவிட்டது என்று நான் நிம்மதி அடைகிறேன். அந்தச் சிரிப்பைக் 'குப்பை' என்ற ஒரு சொல்லால் நாமே அணைத்துவிட்டுப் பிள்ளை தமிழ் பேசவில்லையே என்று பின்னர் வருந்துவதில் பயனில்லை.

இன்று ஒளிநாடாவும் இல்லை, பிரதியின் பிரதியும் இல்லை. கைபேசியைத் திறந்தால் உலகத்துப் படங்கள் அனைத்தும் வருகின்றன. ஒரே வீட்டில் நால்வர் நான்கு திரைகளில் நான்கு படங்களைப் பார்க்கிறார்கள். எவருக்கும் எவரது இரசனையும் தெரியாது. வசதி பெருகியிருக்கிறது, சேர்ந்து சிரிப்பது அருகிவிட்டது. ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒருமுறையேனும் குடும்பமாக அமர்ந்து ஒரு படம் பாருங்கள். படத்தைத் தெரிவு செய்யும் உரிமையை முறை வைத்து வழங்குங்கள். ஒரு மாதம் அம்மம்மாவுக்கு, மறு மாதம் பதினான்கு வயது மகளுக்கு, அடுத்த மாதம் தந்தைக்கு. படம் முடியும்வரை எவரும் தீர்ப்புக் கூறலாகாது என்பது மட்டும் நிபந்தனை. முடிந்தபின் தாராளமாக விவாதியுங்கள், படத்தோடு சண்டையிடுங்கள், அதனைத் தெரிவு செய்தவரோடு வேண்டாம்.

அன்பார்ந்த மாணவச் செல்வங்களே, உங்களுக்குப் பிடித்த படத்தின் பெயரை எவரிடமும் தலை நிமிர்ந்து சொல்லுங்கள். அது நூறு நாள் ஓடிய படமாக இருக்கலாம். நூறு பேர் மட்டும் பார்த்த படமாகவும் இருக்கலாம். உங்களுக்குப் பிடிக்காத படத்தைத் தோழன் விரும்பினால், "ஏன் பிடித்தது?" என்று உண்மையான ஆவலோடு கேளுங்கள். உங்களிடமும் எவரேனும் அவ்வாறு கேட்பார்கள். அப்பொழுது "சும்மா பிடித்தது" என்று நிறுத்திவிடாமல், எந்த இடத்தில் சிரித்தீர்கள், எந்த இடத்தில் மனம் நெகிழ்ந்தீர்கள் என்பதை இரண்டு வாக்கியங்களிலாவது தமிழில் சொல்லிப் பாருங்கள். தாம் துய்த்த மகிழ்ச்சியைத் தம் மொழியில் பிறருக்கு எடுத்துரைக்க வல்ல பிள்ளைகள் எங்கள் பாடசாலையிலிருந்து உருவாக வேண்டும். அதைக் காட்டிலும் சிறந்த பெறுபேற்றை நான் உங்களிடம் எதிர்பார்க்கவில்லை.